மூன்றாவது நகல் எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தின் மறுபக்கத்தில் மலையாள எழுத்தும் ஒரு சங்கு முத்திரையும் தெரிந்தால் குழம்ப வேண்டாம். அது என் தாத்தா வாங்கிய நிலத்தின் கிரயப் பத்திரம், ஜெராக்ஸ் நகல். 'தாளின் ஒரு பக்கத்தில் மட்டுமே எழுதி அனுப்பவும்' என்று பத்திரிகைகள் கேட்டுக்கொள்வதை ஐம்பது வருடமாகப் படித்து வருகிறேன். அந்த விதியை நான் மீறவில்லை. நான் எழுதியிருப்பது ஒரு பக்கம்தான். மறுபக்கம் அரசு அலுவலகம் கேட்டு வாங்கியது.

அலுவலகங்களில் காகிதத்தைக் குறைப்பது, மறுபடி பயன்படுத்துவது, மறுசுழற்சிக்கு அனுப்புவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதியவர் நல்ல மனதுடன் எழுதியிருக்கிறார். ஆனால் எடுத்த எடுப்பிலேயே மூன்று நிறக் குப்பைத் தொட்டிகளுக்குப் போய்விட்டார். தொட்டியில் விழுந்த தாளைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர், அந்தத் தாளை யார் கேட்டார்கள், எதற்குக் கேட்டார்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். 1981 முதல் 2012 வரை 31 ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் பதிவறையில். காகிதத்தோடு குடும்பம் நடத்தியவன் என்று என் மனைவி சொல்வாள். ஆகவே அந்த ஒரு வரியை நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் என் ஊரைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதைக்கு அது தேவை. செங்கோட்டை. நான் பிறந்த 1954-இல் இது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்தில் சேர்ந்தபோது எனக்கு இரண்டு வயது. நாங்கள் வீட்டை மாற்றவில்லை, மாநிலம்தான் மாறியது. அதனால் எங்கள் பக்கத்துப் பல குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர்ப் பத்திரங்கள் இன்னும் இருக்கின்றன. எங்கள் பெட்டியில் இருப்பது 4 தாள். எழுத்து மலையாளம், தேதி கொல்லம் ஆண்டு என்னும் மலையாளக் கணக்கில்.

சென்ற ஆண்டு என் அண்ணன் காலமானார். அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. மதினி பெயருக்குப் பட்டா மாற்ற வேண்டும். அவர்களுக்கு முழங்கால் வலி, படியேற முடியாது. நான்தான் அலைந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஓர் அலுவலகத்தின் குற்றம் என்று மற்றவர்கள் நிம்மதியாகிவிடுவார்கள்.

இருக்கையில் ஓர் இளம்பெண் இருந்தார். மரியாதையான பிள்ளை, 'உட்காருங்கள் ஐயா' என்று நாற்காலியைக் காட்டினார். பத்திரத்தை வாங்கிப் புரட்டியவர் முகம் மாறியது.

"ஐயா, இது 1115-ஆம் வருடத்துப் பத்திரம் என்று போட்டிருக்கிறதே?"

"ஆமாம் அம்மா."

"அவ்வளவு பழையதா?"

1115 என்றால் முதலாம் குலோத்துங்கன் ஆண்ட காலம். எங்கள் தாத்தா சோழனிடம் நிலம் வாங்கவில்லை, இது கொல்லம் ஆண்டு, 825-ஐக் கூட்டினால் 1940 வரும், மாதத்தைப் பொறுத்து ஓராண்டு குறையலாம் என்று விளக்கினேன். அந்தப் பிள்ளை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்த முகத்தோடேயே சொன்னார்: "தமிழ் மொழிபெயர்ப்பும் வேண்டும் ஐயா. எல்லாவற்றிலும் மூன்று நகல்."

மூன்று எதற்கு என்று கேட்டேன். எப்போதும் மூன்றுதான் என்றார்.

எண்ணிப் பாருங்கள். பத்திரம் 4, மொழிபெயர்ப்பு 3, மனு 1, வாரிசுச் சான்று 1, இறப்புச் சான்று 1, பழைய பட்டா 1, தீர்வை ரசீது 1, ஆதார் அட்டைகள் 2. மொத்தம் 14. மூன்றால் பெருக்கினால் 42. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பக்கம் 2 ரூபாய். 84 ரூபாய் கொடுத்தேன். இரு பக்கமும் எடுத்துத் தரச் சொன்னேன். கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அங்கே வாங்க மாட்டார்கள் ஐயா, திரும்ப எடுக்க வருவீர்கள்" என்றார். அனுபவசாலி.

வழியில் மளிகைக் கடைத் தராசில் அந்தக் கட்டை வைத்துப் பார்த்தேன். இது என் பழக்கம்; சிரிக்காதீர்கள். 200 கிராமுக்கு மயிரிழை குறைவு. தாள் உறையில் '75 ஜிஎஸ்எம்' என்று போட்டிருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் 75 கிராம் எடை என்று பொருள். ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகத் தாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, 500 தாள் கொண்ட ரீம் ஒன்று இரண்டேகால் கிலோவுக்குச் சற்று மேல். ஒரு பட்டா மாறுதலுக்கு 200 கிராம். இருபுறமும் எடுத்த ஒரே நகல் போதும் என்றிருந்தால் 7 தாள், 33 கிராம். தொட்டி எந்த நிறமாக இருந்தாலும் இந்த மிச்சத்தைத் தராது.

சரி, கொடுத்த மூன்று கட்டும் என்ன ஆயின? பதிவறைக்காரன் கண் அதைத்தான் தேடும். முதல் கட்டைக் கோப்பில் டேக் கயிற்றால் கட்டினார்கள். இரண்டாவது கட்டை ஒவ்வொரு தாளாக ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினார்கள். முதல் கட்டையே ஸ்கேன் செய்திருக்கலாமே என்றால், அதற்குள் அதைக் கட்டிவிட்டார்கள். மூன்றாவது கட்டு மேசைக்கடியில் இருந்த அட்டைப்பெட்டிக்குப் போயிற்று. அந்தப் பெட்டியில் ஏற்கெனவே முழங்கால் உயரத்துக்கு மூன்றாவது நகல்கள். மேலே இருந்த ஒன்றின் மீது தேநீர் டம்ளர் வைத்த வட்டம்.

எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் காலத்தில் நாங்கள் உத்தமர்களாக இருந்தோம் என்று சொல்ல இதை எழுதவில்லை. தாளை நெடுக்காக மடித்து வலப்பாதியில் மட்டும் வரைவு எழுதுவோம். இடப்பாதி, மேலதிகாரி திருத்துவதற்கு. திருத்தவே மாட்டார், கையெழுத்து மட்டும் போடுவார். அந்த வெற்றுப் பாதிகளைச் சேர்த்தால் ஒரு காகித ஆலைக்கு ஒரு வாரம் வேலை மிச்சம். ஆனால் அப்போது தாள் கிடைப்பது கடினமாக இருந்தது. கடினமாக இருந்ததால் கை தானாகச் சிக்கனம் பழகியது. அவ்வளவுதான் எங்கள் ஒழுக்கம்.

அந்தக் காலத்து 'எக்கானமி ஸ்லிப்'பை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளங்கை அகலத்தில் அச்சிட்ட ஒரு சீட்டு. வந்த தபாலின் உறையைக் கிழிக்காமல் ஓரமாகப் பிரித்து, பழைய முகவரியின் மேல் இந்தச் சீட்டை ஒட்டி, புது முகவரி எழுதி அனுப்புவோம். மைதாவைக் காய்ச்சிப் பசை. பூச்சி அரிக்காமலிருக்க அதில் துளி மயில்துத்தம். அப்போது எங்களுக்குத் தலைமையிடம் திருநெல்வேலி. தென்காசி மாவட்டம் 2019-இல்தான் வந்தது. ஒரே உறை நெல்லைக்கும் செங்கோட்டைக்குமாக நடையாய் நடந்து, ஐந்து சீட்டு சுமந்து, அட்டை போல் விறைத்துப்போய் என் கையில் வந்திருக்கிறது. சீட்டை ஈரத்துணியால் நனைத்து ஒவ்வொன்றாக உரித்தால், யார் யாருக்கு எழுதினார்கள் என்ற சரித்திரம் அடுக்கடுக்காக வரும். பதிவறையில் மழைக்காலத்து மத்தியானங்களில் எனக்கு இதுதான் பொழுதுபோக்கு.

எனக்குப் பதிவறை வேலை சொல்லிக்கொடுத்தவர் ஓர் அண்ணாச்சி. பதிவறை உதவியாளர், எட்டாம் வகுப்புதான் படித்தவர். கோப்புகளை முடிக்கும்போது வகை பிரிப்போம்: ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், டி.டிஸ். என்றால் பத்தாண்டு, கே.டிஸ். மூன்றாண்டு, எல்.டிஸ். ஓராண்டு. கெடு முடிந்தவற்றைப் பட்டியல் எடுத்து, ஒப்புதல் வாங்கி, அழிக்க வேண்டும். இந்த வேலையை யாரும் விரும்பிச் செய்வதில்லை. அழித்த கோப்பை நாளைக்கு எவராவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். கெடு முடிந்து இருபது வருடமான எல்.டிஸ். கோப்புகள் அடுக்கில் இருந்தன. தற்செயல் விடுப்பு விண்ணப்பங்கள், மின்விசிறி பழுது என்ற கடிதங்கள்.

அண்ணாச்சி பயப்பட மாட்டார். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதத்துக்குள் அழிக்கும் வேலையை முடித்துவிட வேண்டும் என்பார். ஏன் ஏப்ரல் என்று முதல் வருடம் எனக்குப் புரியவில்லை. ஜூன் பிறந்ததும் புரிந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல் குற்றாலத்துக்கு மட்டும் பெய்வதில்லை. எங்கள் பதிவறைக்குள்ளும் பெய்யும். சன்னல் இடுக்கில் புகுந்து, சுவரில் ஊறி, கீழ்த்தட்டுக் கோப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஆகஸ்டில் பூசணம் பிடித்துக் கறுத்துவிடும். பிறகு கறையான். கறையான் தின்ற தாளைப் பழைய பேப்பர் கடைக்காரர் தொட மாட்டார். பத்தாண்டு பத்திரமாக வைத்திருந்த தாள், கூழாவதற்கும் உதவாமல் மண்ணாய்ப் போகும். அண்ணாச்சி அதைப் பார்த்து அடித்துக்கொள்வார்: "தம்பி, செத்தவனை நாள் கடத்தாமல் அனுப்ப வேண்டும்."

இன்னொன்றும் அவர் செய்வார். கோப்பைப் பிரித்ததும் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தாளிலிருந்தும் குண்டூசியை இழுப்பார். வளைந்த ஊசி ஒரு டப்பாவில், நேரான ஊசி ஹார்லிக்ஸ் பாட்டிலில். டேக் கயிறுகளைத் தனியே சுற்றி வைப்பார். ஆள் பெயர், கைநாட்டு, நில அளவை எண் உள்ள தாள்களைக் குறுக்கே நான்காகக் கிழிப்பார். கடைக்காரர் 'முழுத்தாளாக இருந்தால் கிலோவுக்குக் கூடத் தருவேன்' என்று ஆசை காட்டினாலும் கிழிப்பார். எனக்கு அப்போது 27 வயது. இது வெட்டிவேலை என்று நினைத்தேன்.

வெட்டிவேலை இல்லை என்று தெரிந்தது அவர் ஓய்வுபெற்ற பிறகு. ஒரு வருடம் நாங்கள் கிழிக்காமல், குண்டூசி எடுக்காமல், மூட்டையாகக் கட்டி அனுப்பிவிட்டோம். சில நாள் கழித்துப் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் இரண்டு பருப்புவடை வாங்கினேன். எண்ணெய் ஊறிய தாளில் எங்கள் அலுவலக முத்திரை. அதற்கு மேலே ஒரு மூதாட்டியின் பெயர், கணவர் பெயர், இடதுகைப் பெருவிரல் ரேகை. முதியோர் உதவித்தொகைக்கு அவர் கொடுத்த மனுவின் நகல். மூலையில் குண்டூசி அப்படியே இருந்தது. வடையைப் பிட்ட கையில் அது குத்தியிருந்தால்கூட எனக்கு உறைத்திருக்காது; அந்த ரேகையின் மேல் எண்ணெய் படர்ந்திருந்ததுதான் உறைத்தது. வடையை இலையில் மாற்றி வாங்கிக்கொண்டு தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் அடுப்பில் போட்டேன். அந்த மூட்டைக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

அச்சடித்த தாளில் தின்பண்டம் மடிக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்தது. 2023-இல் மறுபடியும் சொன்னது. மையில் இருக்கும் பொருள்கள் சூடான எண்ணெயில் இறங்குமாம். எங்கள் ஊரில் வாழை இலைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் தாள் இலையைவிட மலிவாக, மூட்டை மூட்டையாக வந்துகொண்டிருந்தால் கடைக்காரர் என்ன செய்வார்? அவருக்கு அதைக் கொடுப்பது அந்த மூன்றாவது நகல்தான்.

தாளைக் கூழாக்கும் இடமே பக்கத்தில் இருந்த ஊர் இது என்பதையும் சொல்ல வேண்டும். செங்கோட்டையிலிருந்து கணவாய் தாண்டி ரயிலில் சுமார் 50 கிலோமீட்டர் போனால் கேரளத்துப் புனலூர். 19-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே காகித ஆலை வந்துவிட்டது. மலை மூங்கிலும் ஈற்றை என்னும் சன்ன மூங்கிலும் வெட்டி லாரியில் போவதை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். 1987-இல் அந்த ஆலை மூடிக்கிடந்தபோது, மலைக்கு நல்லது என்று சிலர் சொன்னார்கள். வேலை போனவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். நம் பக்கம், கரூர் மாவட்டம் புகளூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை 1984 முதல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. பழைய தாளிலிருந்து மையைப் பிரித்துக் கூழாக்கும் பிரிவும் அங்கு உண்டு. கூழில் சோப்பும் காற்றும் சேர்த்து நுரைக்க வைப்பார்கள். மை நுரையோடு மேலே வரும், வழித்து எடுப்பார்கள். அம்மா பால் காய்ச்சி ஆடை எடுப்பது போல. ஆனால் ஒவ்வொரு முறையும் நார் குட்டையாகும். ஐந்து, ஆறு, மிஞ்சினால் ஏழு முறை, அதன் பிறகு அதற்கு வலுவில்லை. பிளாஸ்டிக் தடவிய தாள், பஸ் டிக்கெட் மாதிரி வெப்பத்தில் அச்சாகும் ரசீதுத் தாள், இவையெல்லாம் வெள்ளைத்தாளோடு கலந்தால் மொத்தமும் தரம் கெடும். (அந்த ரசீதுத் தாள் ரகம் கோப்பில் இருக்கவும் லாயக்கில்லை. 1990-களில் ஃபேக்ஸில் வந்த அவசர உத்தரவுகள் எங்கள் கோப்புகளில் இப்போது வெறும் மஞ்சள் தாள்களாக இருக்கின்றன. என் தாத்தாவின் பத்திரமோ 85 வருடம் கழித்தும் எழுத்து அழியாமல் விறைப்பாக நிற்கிறது.)

என் மகள் புனலூர் பக்கம் வாக்கப்பட்டிருக்கிறாள். அங்கே பச்சை மேலங்கி போட்ட ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாக வந்து, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அழுக்காக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். மகளுக்கு அவர்களிடம் பயம், எனக்கு அதில் சந்தோஷம். அப்படிப்பட்ட மாநிலத்திலிருந்துதான் 2024 டிசம்பரில் மருத்துவக் கழிவு நெல்லைக்கு வந்து விழுந்தது. பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு அவர்களே லாரி கொண்டுவந்து அள்ளிப் போனார்கள். அன்று முதல் கேரள எல்லையில் உள்ள புளியரைச் சோதனைச் சாவடியில் லாரியின் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பது பெரிய செய்தி. பார்க்கட்டும். அதே நேரத்தில் நம் அலுவலக மேசைகளுக்கு அடியில் இருக்கும் பெட்டியையும் யாராவது தூக்கிப் பார்க்கலாம்.

கணினி வந்தால் காகிதம் ஒழியும் என்று நானும் நம்பினேன். தட்டச்சு இயந்திரத்தில் ஓர் எழுத்து பிசகினால் வெள்ளை மை தடவித் திருத்துவோம், ஏனென்றால் முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்க விரல் வலிக்கும். இப்போது ஒரு கால்புள்ளிக்காக நான்கு பக்கம் புதிதாக வருகிறது, விரல் வலிப்பதில்லை. மின்னஞ்சலில் வந்ததை அச்செடுத்து, அதிகாரியிடம் காட்டி, மூலையில் அவர் 'பார்த்தேன்' என்று எழுதி, அதை ஸ்கேன் செய்து, மறுபடி மின்னஞ்சலில் அனுப்புவதை என் கண்ணால் பார்த்தேன். 2015-இல், சான்றுகளைக் கைப்பேசியிலேயே வைத்துக்கொள்ளும் அரசின் டிஜிலாக்கர் வந்தது. அதில் வழங்கும் சான்று அசலுக்குச் சமம் என்று விதியும் இருக்கிறது. என் பேரன் கைப்பேசியில் எடுத்துக் காட்டினான். 'இதை ஒரு பிரின்ட் எடுத்து, மூன்று நகல் போட்டு வாருங்கள்' என்றார்கள்.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. எந்தப் படிவத்திலாவது 'மூன்று நகல்' என்று இருந்தால், ஒவ்வொன்றும் எந்த இருக்கைக்குப் போகிறது என்று அதன் அருகிலேயே அச்சிடச் சொல்லுங்கள். மூன்றாவதற்கு எழுத இடம் இருக்காது. இருபுறமும் எடுத்த நகலை வாங்க மறுக்கக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பதிவறை எழுத்தருக்கு ஆண்டுக்கு ஒரு வாரம், சாரலுக்கு முன்பு, வேறு வேலை கொடுக்காமல் கோப்பு கழிக்க விடச் சொல்லுங்கள். அவர்கள் கழித்த தாளைக் கிழித்து, ஆலைக்குப் போகும் லாரியில் ஏற்றினால் அந்தத் தொட்டிக் கட்டுரைக்காரருக்கும் திருப்தியாக இருக்கும்.

பட்டா வந்துவிட்டது. வாங்கப் போன அன்று, அந்த அட்டைப்பெட்டியைக் காட்டி, என்னுடைய மூன்றாவது கட்டைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன். 'கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லையே ஐயா' என்று தயங்கிய அந்தப் பிள்ளை, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். "குலோத்துங்கன் பத்திரம்தானே ஐயா, சங்கு மேலேயே இருந்தது" என்றார். அந்தப் பிள்ளைக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது. இதை அவருடைய மேலதிகாரி படித்தால், கண்டிக்க வேண்டியது என்னைத்தான்.

14 தாளில் ஆதார் நகல் இரண்டையும் நான்காகக் கிழித்துவிட்டேன். மீதி 12-இல் இந்தக் கடிதம் 10 தாள் பிடித்திருக்கிறது. தாள்களைக் குண்டூசியால் குத்தவில்லை. மூலையில் துளையிட்டு, என் மனைவி பூக்கட்டும் நூலால் முடிந்திருக்கிறேன். உங்கள் அலுவலகத்தில் கழிக்கும்போது ஒரு இழுப்பில் வந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவறை எழுத்தர்,
செங்கோட்டை.